மூட்டு வாத நோய்களும் இணைப்புத் திசு நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாத நோய்ப் பிரிவின் புறநோயாளி அறையில் நோயாளிகளும் உடன் வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, கூடுமானவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்பதை இதில் தேட வேண்டாம். நோயை எப்படி அடையாளம் காண்கிறார்கள், கையில் இருக்கும் சோதனை முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பவை மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

மூட்டு வலி என்றாலே வாதம்தானே? அதில் இத்தனை பெயர்கள் எதற்கு?

மூட்டு வலி ஓர் அறிகுறி. அதன் பின்னால் இருக்கும் காரணங்கள் பல. குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒன்று. உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்த மூட்டுச் சவ்வையே தாக்குவதால் வரும் முடக்குவாதம் இன்னொன்று. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுக்குள் படிவதால் வருவது கவுட். கிருமி புகுந்து வரும் மூட்டு அழற்சி இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது.

தோல், தசை, இரத்தக் குழாய், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவை எதிர்ப்பு ஆற்றல் தாக்கும்போது வருபவை இணைப்புத் திசு நோய்கள். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தோல் இறுக்க நோயான ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சி, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவையும் பெரும்பாலும் மூட்டு வலியோடுதான் தொடங்குகின்றன என்பதால், ஒரே மாதிரி வலியோடு வரும் இருவருக்கு வெவ்வேறு நோய்கள் இருக்கக்கூடும்.

எனக்கு இருப்பது தேய்மானமா, முடக்குவாதமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலை நேரத்தைக் கவனியுங்கள். முடக்குவாதத்தில் தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். காபி டம்ளரைப் பிடிக்கவோ, ரவிக்கைக் கொக்கியை மாட்டவோ, பல் துலக்கவோ சிரமப்பட்டு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பிறகே கை வசத்துக்கு வரும். தேய்மானத்திலும் இறுக்கம் உண்டு, ஆனால் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடி மாலையில் உச்சத்தில் இருக்கும். அழற்சி வலி அசைவால் குறைந்து ஓய்வால் கூடும்.

அடுத்து, எந்த மூட்டு என்பதைப் பாருங்கள். முடக்குவாதம் மணிக்கட்டையும், விரல்களின் அடி மூட்டையும் நடு மூட்டையும் இரு கைகளிலும் பிடிக்கும். நகத்துக்கு அருகில் உள்ள கடைசி மூட்டை அநேகமாக விட்டுவிடும். தேய்மானம் அந்தக் கடைசி மூட்டையும், கட்டைவிரலின் அடியையும், முழங்காலையும் நாடும். வீக்கத்தைத் தொட்டாலும் வேறுபாடு தெரியும்: தேய்மான முடிச்சு எலும்பாகக் கெட்டியாக இருக்கும், முடக்குவாத வீக்கம் மெத்தென்று இருக்கும்.

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்கிறார். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. இது போதுமா?

பெரும்பாலும் போதும். கைகுலுக்குவது போல உங்கள் கையைப் பற்றி, நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் சேர்த்து இரு பக்கமிருந்தும் மெதுவாக அழுத்தும்போது நோயாளியின் முகம் சுளிக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு மூட்டையும் தம் இரு கட்டைவிரல்களால் தடவி, சவ்வு தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று தேடுகிறார். பாதத்தின் முன்பகுதியையும் இப்படியே அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்காகச் செருப்பைக் கழற்றச் சொன்னால் தயங்க வேண்டாம்.

அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் அமைப்புகள் 2010இல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் மொத்தம் 10 புள்ளிகள். 6 வந்தால் முடக்குவாதம் என வகைப்படுத்தலாம். அந்தப் பத்தில் ஐந்து வரை, எத்தனை மூட்டுகள், எவ்வகை மூட்டுகள் என்பதற்கே போகின்றன. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களுக்கு (ஆன்டிபாடிகளுக்கு) அதிகபட்சம் மூன்று, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் ஒன்று, அறிகுறி தொடங்கி ஆறு வாரங்கள் கடந்திருந்தால் ஒன்று. இது முதன்மையாக ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டதுதான் என்றாலும், மருத்துவர் எதற்கு எடை கொடுக்கிறார் என்பதை நன்றாகவே காட்டுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரியும் வரை காத்திருப்பது, காப்பாற்றியிருக்கக்கூடிய மூட்டை இழப்பதாகும். வீக்கம் உண்டா இல்லையா என்று கைக்குப் பிடிபடாதபோது அல்ட்ராசவுண்ட் உதவும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எனக்கு முடக்குவாதம் வந்துவிட்டதா?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. உடல் முழுப் பரிசோதனைத் திட்டங்களில் இதையும் சேர்த்துவிடுவதால், மூட்டில் வலியே இல்லாதவர்களும் கலங்கிப்போய் வருகிறார்கள். நார்வேயில் வாலர் 1940இலும் அமெரிக்காவில் ரோஸ் 1948இலும் கண்டறிந்த இந்தக் காரணி, நம் சொந்த எதிர்ப்பொருள் ஒன்றுக்கு எதிராக நாமே உண்டாக்கும் இன்னோர் எதிர்ப்பொருள். முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் 70 முதல் 80 சதவீதத்தினருக்கு இது இருக்கும். அதே வேளையில் காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வில் கிருமித் தொற்று, ஷோக்ரன் நோய் ஆகியவற்றிலும், ஒரு குறையும் இல்லாத முதியவர்களிடமும் இது காணப்படும்.

எனவே வீக்கமும் காலை இறுக்கமும் இல்லாதவருக்கு இந்த முடிவால் எந்த நோயும் வந்துவிடுவதில்லை. அறிகுறிகள் இருக்கும்போது மட்டும், அளவையும் பார்க்க வேண்டும்: இயல்பு வரம்பின் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அதற்கு எடை அதிகம். ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை இதைவிடக் குறிப்பானது. அது நல்ல அளவில் கூடியிருந்து மூட்டும் வீங்கியிருந்தால் முடக்குவாதம் அல்லாத காரணம் அரிதே.

ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் நெகட்டிவ். அப்படியிருந்தும் முடக்குவாதம் என்கிறார்களே?

முந்தைய பதிலில் சொன்ன 70, 80 சதவீதத்துக்கு வெளியே இருப்பவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆனால் இந்த நிலையில் மருத்துவர் இன்னொரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும்: சொரியாசிஸ் வாதம், சிக்குன்குனியா, முதுகெலும்பு வாதம், தைராய்டுக் குறைவு ஆகியவை இதே வேடத்தில் வரக்கூடியவை.

சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் ஆகியும் கை கால் வீக்கம் போகவில்லை. இது முடக்குவாதமாக மாறிவிட்டதா?

2005, 2006ஆம் ஆண்டுகளில் சிக்குன்குனியா இந்தியாவில் மீண்டும் பரவிய காலத்திலிருந்து இக்கேள்வி ஓயவில்லை. காய்ச்சல் சில நாள்களில் நின்றாலும் மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் ஆகியவற்றில் வலியும் வீக்கமும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இரு பக்கமும் சமமாக, காலை இறுக்கத்தோடு வருவதால், கையைத் தொட்டுப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிப்பது கடினம்.

தொடக்கம் எப்படி என்பதே இங்கே முக்கியத் துப்பு. சிக்குன்குனியாவில் நோயாளியால் நாளையே சொல்ல முடியும்: முதல் நாள் இரவு கடுங்காய்ச்சல், மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை, வீட்டில் வேறு இருவருக்கும் அதே கதை. முடக்குவாதம் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். அண்மையில் தொற்று வந்ததைக் காட்டும் சிக்குன்குனியா ஐ.ஜி.எம். சோதனை சில மாதங்கள் வரை பாசிட்டிவாக இருக்கக்கூடும். மூன்று மாதம் கடந்தும் வீக்கம் இருந்தால் ஆன்டி சி.சி.பி. பார்த்து, வாத நோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. வைரஸ் வந்ததால் வேறு நோய் இருக்காது என்று பொருளில்லை.

எனக்கு 35 வயது. ஏ.எஸ்.ஓ. அளவு 400 என்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்கிறார்கள். போட வேண்டுமா?

ஏ.எஸ்.ஓ. உயர்வு, அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டையில் தொற்று வந்துபோனது என்பதை மட்டுமே காட்டும். அந்தத் தொற்றைத் தொடர்ந்து சிலருக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் நோய். அதில் முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஒன்று அடங்க இன்னொன்றாக வீங்கி, மூட்டில் எந்தச் சேதமும் வைக்காமல் சில வாரங்களில் சரியாகிவிடும். சேதம் இதய வால்வுக்கே. 1944இல் ஜோன்ஸ் வகுத்து 2015இல் திருத்தப்பட்ட அளவுகோலின்படி, இந்த நோயை முடிவு செய்ய ஏ.எஸ்.ஓ. துணைச் சான்று மட்டுமே.

ஆகவே, மாதக்கணக்காக மூட்டு வலி உள்ள ஒரு நடுவயதினருக்கு ஏ.எஸ்.ஓ. எண்ணை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவதற்கு அடிப்படை இல்லை. ஆனால் சிறுவயதில் வால்வு பாதிக்கப்பட்டு அதற்காக ஊசி போட்டுவருபவர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அந்த ஊசி இன்றியமையாதது.

குதிகால் வலிக்கிறது, யூரிக் ஆசிட் 7.6 என்று வந்திருக்கிறது. பருப்பு, கறி எல்லாம் நிறுத்திவிட்டேன். சரிதானே?

குதிகால் வலிக்கும் யூரிக் அமிலத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துவது பாதத்தின் அடித்தசைநார் அழற்சியாகவே இருக்கக்கூடும். இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8 மி.கி. என்ற அளவைத் தாண்டினால் படிகமாகும் வாய்ப்பு உண்டு என்றாலும், அளவு கூடிய பெரும்பாலானோருக்குக் கவுட் வருவதே இல்லை. நீர்ப்போக்கு மாத்திரைகள், குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடு ஆகியவையும் இந்த எண்ணை ஏற்றிவிடும். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை.

உண்மையான கவுட் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். நன்றாகத் தூங்கச் சென்றவர் நள்ளிரவில் கால் பெருவிரலின் அடி மூட்டுச் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் எழுந்து உட்காருவார். ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, ஓரிரு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், இயல்பு என்று வந்தாலும் கவுட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உறுதியான சோதனை, மூட்டு நீரை ஊசியால் எடுத்து முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகங்களைக் காண்பது. மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961இல் காட்டிய இம்முறைக்கு இன்றும் மாற்று இல்லை. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குக் கவுட் என்று சொன்னால், இரண்டாம் கருத்தைக் கேளுங்கள்.

ஒரே ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று வீங்கி, காய்ச்சலும் இருக்கிறது. நாளை மறுநாள் வரலாமா?

வேண்டாம், இன்றே வாருங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாள்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். அந்த மூட்டு நீரை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகே ஆன்டிபயாடிக் தொடங்குவது முறை. ஏற்கெனவே முடக்குவாதம் உள்ளவருக்கு மற்ற மூட்டுகள் அமைதியாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தாலும் இதே விதிதான். ஒரே மூட்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வீங்கினால், நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. அதற்குச் சவ்வுத் திசுச் சோதனை தேவைப்படும்.

மகனுக்கு 26 வயது. இடுப்பு வலியால் விடியற்காலை எழுந்து நடக்கிறான். எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் விலகல் என்றார்கள். பெல்ட் போட்டு ஓய்வெடுத்தும் வலி கூடத்தான் செய்கிறது. ஏன்?

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. டிஸ்க் வலி ஓய்வால் குறைய வேண்டும். இரவின் பிற்பகுதியில் எழுப்பி, நடந்தால் குறைந்து, படுத்தால் கூடும் வலி, முதுகெலும்பு அழற்சியைச் சுட்டுகிறது. நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது, புட்டத்தில் இடமும் வலமுமாக மாறி மாறி வலிப்பது, எப்போதாவது ஒரு கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது, குதிகால் வலி ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். இவை சேர்ந்தால் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதமும் அதன் தொடக்க நிலைகளும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் சாதாரணமாகக் காணப்படுவது.

எளிய சோதனை ஒன்றுண்டு. இடுப்பின் இரு குழிகளை இணைக்கும் கோட்டில் ஒரு புள்ளியும், அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொரு புள்ளியும் பேனாவால் குறித்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொன்னால், அந்த 10 செ.மீ. குறைந்தது 15 ஆக விரிய வேண்டும். விரியாவிட்டால் முதுகெலும்பு இறுகத் தொடங்கிவிட்டது. படம் எடுப்பதானால் இடுப்பு முள்ளெலும்புகளை மட்டும் எடுத்துப் பயனில்லை. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுகளையும் எடுக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்; எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே காட்டிவிடும்.

எச்.எல்.ஏ. பி27 மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிவந்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஆனால் அது இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். எனவே வலி இல்லாத தம்பி, தங்கைகளுக்கு இதை எடுத்துப் பார்ப்பது கவலையை விலைக்கு வாங்குவதுதான்.

தலையில் பொடுகு மாதிரி இருக்கிறது, அதற்கும் விரல் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?

அது சொரியாசிஸாக இருந்தால் உண்டு. தலைமுடிக்குள், காதின் பின்புறம், தொப்புள், நகங்களில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு விரல் முழுவதும் அடியிலிருந்து நுனி வரை வீங்குவதும், முடக்குவாதம் விட்டுவிடும் நகத்தோர மூட்டுப் பாதிக்கப்படுவதும் சொரியாசிஸ் வாதத்தின் முத்திரைகள். சிலருக்கு மூட்டு முதலில் வந்து தோல் பின்னால் வரும்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ். கூகுளில் பார்த்தால் லூபஸ் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

ஏ.என்.ஏ. என்பது நம் உயிரணுக்களின் உட்கருவுக்கு எதிராக நாமே உண்டாக்கும் எதிர்ப்பொருள். ஆர்.ஏ. ஃபேக்டருக்குச் சொன்னது இதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நலமாக உள்ளவர்களின் இரத்தத்தைப் பல ஆய்வகங்களில் சோதித்து 1997இல் வெளியான ஆய்வில், இரத்த நீரை 1:40 என்ற அளவுக்கு நீர்க்கச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், 1:80இல் சுமார் 13 சதவீதத்தினருக்கும், 1:160இல் 5 சதவீதத்தினருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்தது. தைராய்டு நோய் உள்ளவர்கள், வயதான பெண்கள், லூபஸ் நோயாளியின் உறவினர்கள், காசநோய்க்கு ஐசோநியசிட் சாப்பிடுபவர்கள் ஆகியோரிடமும் இது காணப்படும்.

இந்தச் சோதனையின் உண்மையான பயன் எதிர்த்திசையில்தான். லூபஸ் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏ.என்.ஏ. இருக்கும் என்பதால், நல்ல ஆய்வகத்தில் ஒளிரும் நுண்ணோக்கி முறையில் செய்து நெகட்டிவ் என்று வந்தால், லூபஸ் என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். எலைசா முறையில் மட்டும் செய்த முடிவை அவ்வளவு நம்ப முடியாது. ஏ.என்.ஏ. ப்ரொஃபைல் என்ற பட்டைச் சோதனையில் ஏதோ ஒரு வரியில் ஒற்றைக் கூட்டல் குறி இருப்பதை மட்டும் வைத்தும் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டலாகாது.

அப்படியென்றால் லூபஸ் என்று எப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்?

பிள்ளைப் பேறு வயதில் உள்ள ஒரு பெண்ணுக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாததாகத் தோன்றும் பல தொல்லைகள் அடுத்தடுத்து வரும்போது சந்தேகப்பட வேண்டும்: வாரக்கணக்கில் காய்ச்சல், கைமூட்டு வலி, கொத்தாக முடி உதிர்வது, மேலண்ணத்தில் வலியில்லாத புண், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, வெள்ளையணுவும் தட்டணுவும் குறைவது. வெயிலில் போய் வந்ததும் இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் தடித்துச் சிவப்பது, மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை விட்டுவிடும். நம் தோல் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவே தெரியலாம்; ஆனால் கன்னத்தில் தட்டையாக, அரிப்போ எரிச்சலோ இல்லாமல் இருக்கும் மங்கு லூபஸ் அல்ல.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது, ஓசையில்லாமல் வரும் சிறுநீரகப் பாதிப்பைத்தான். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்குவதற்குள் சிறுநீரகம் ஓரளவு சேதமாகியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை வரும்போதும், மிகச் சாதாரணமான சிறுநீர்ச் சோதனையையும் இரத்த அழுத்தத்தையும் கேட்கிறோம். 2019இல் வந்த அளவுகோலில் ஏ.என்.ஏ. நுழைவாயில் மட்டுமே, அதற்குப் பிறகு உறுப்புகளின் பாதிப்பு, டி.எஸ்.டி.என்.ஏ. மற்றும் ஸ்மித் எதிர்ப்பொருள்கள், இரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்பு ஆற்றல் புரதங்களின் குறைவு ஆகியவற்றைக் கூட்டி 10 புள்ளிகள் வர வேண்டும்.

ஏ.சி. பஸ்ஸில் ஏறினாலோ குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவினாலோ விரல் வெள்ளையாகிவிடுகிறது. இரத்த ஓட்டம் இல்லையா?

சிறிது நேரத்துக்கு உண்மையிலேயே இல்லை. கோடு போட்டது போல ஓரிடத்துக்கு மேல் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவப்பது ரேனோ நிகழ்வு. மருத்துவர் முன்னால் அது நடக்காது என்பதால், நடக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். இளம் வயதில் தொடங்கி, புண் இல்லாமல், ஏ.என்.ஏ.யும் நெகட்டிவாக இருந்தால் அநேகமாகத் தீங்கற்றது. முப்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், விரல் நுனியில் புண்ணோ தழும்போ இருந்தால், ஸ்கிளீரோடெர்மாவைத் தேட வேண்டும்.

விரலின் மேல்தோலைக் கிள்ளி மடிக்க முடிகிறதா, வாயை முன்போல அகலத் திறக்க முடிகிறதா, தோலில் உப்பும் மிளகும் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றனவா, நெஞ்செரிச்சல் உண்டா, படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்போம். நகத்தின் அடியில் உள்ள நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவை பருத்தும் அறுபட்டும் இருப்பது தெரியும். நோய் உறுதியானால், மூச்சுத் தொல்லை இல்லாவிட்டாலும் நுரையீரலுக்கு நுண்பகுப்பு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

கண் உறுத்துகிறது, தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்கவில்லை. இதற்கும் வாத டாக்டர்தானா?

ஆம், மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் ஷோக்ரன் நோயை நினைக்க வேண்டும். கீழிமைக்குள் ஒரு தாள்பட்டையை வைத்து ஐந்து நிமிடத்தில் அது 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாகவே நனைந்தால் கண்ணீர் குறைவு. பல் வேகமாகச் சொத்தையாவதும், கன்னச் சுரப்பி வீங்குவதும் துணைக் குறிகள். சிலர் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பொட்டாசியம் குறைந்து கைகால் செயலிழந்து அவசரப் பிரிவுக்கு வருவார்கள். பிறகு கேட்டால்தான் வறட்சியும் வெளிவரும். இந்நோயில் பலருக்குக் காணப்படும் ரோ எதிர்ப்பொருள் உள்ள பெண்கள் கருத்தரித்தால் மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில குழந்தைகளின் இதயத் துடிப்பை அது பாதிக்கக்கூடும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறது என்று ஈரலுக்கு வைத்தியம் பார்க்கிறோம். அம்மாவால் தரையிலிருந்து எழவும் முடியவில்லை. இரண்டும் வேறு வேறா?

ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு நொதிகளும் ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் உள்ளன. தரையிலிருந்து எழ, படியேற, தலைவார, மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க முடியாமல் போவது தோளையும் இடுப்பையும் சேர்ந்த தசைகளின் பலவீனம். தசை நொதியை அளக்கும் சி.பி.கே. என்ற எளிய இரத்தச் சோதனையை உடனே கேளுங்கள். மேலிமையில் ஊதா நிறமும், விரல் கணுக்களின் மேல் தடிப்பும் இருந்தால் தோலோடு கூடிய தசை அழற்சி. அவ்வகையில், வயது வந்தவர்களுக்கு உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவது கட்டாயம். தைராய்டுக் குறைவும் கொழுப்பு மாத்திரைகளும்கூடச் சி.பி.கே.யை ஏற்றும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இ.எஸ்.ஆர். 48. வேறு எல்லாம் நார்மல். என்ன நோய்?

இ.எஸ்.ஆர். எந்த நோயையும் பெயர் சொல்லிக் காட்டாது. வயது, இரத்தசோகை, கர்ப்பம், தொற்று எல்லாம் அதை ஏற்றும்; பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதும், ஆண்களுக்கு வயதில் பாதியும் தோராயமான மேல் வரம்பு. லூபஸில் இ.எஸ்.ஆர். கூடிச் சி.ஆர்.பி. பெரும்பாலும் இயல்பாக இருக்கும், சி.ஆர்.பி.யும் எகிறினால் தொற்று வந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் ஆகியவற்றோடு இ.எஸ்.ஆர். மிகக் கூடியிருந்தால் அது தலைத் தமனி அழற்சியாக இருக்கலாம். பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்பதால் அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். நம் மக்களிடம் அரிதாகவே பார்க்கிறோம், ஆனால் தவறவிட்டால் திருத்த முடியாது.

ஒருவர் கொடுத்த பொடியில் வலி உடனே பறந்துவிட்டது. இப்போது சோதனை எடுத்தால் நோய் தெரியுமா?

தெரியாமல் போகலாம். இரண்டே நாளில் வீக்கம் வற்றிவிட்டது என்றால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அது வீக்கத்தையும் சி.ஆர்.பி.யையும் அடக்கிவிடும், கையில் பிடிபட வேண்டிய சான்று மறைந்துவிடும். பல மாதங்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அந்தப் பொட்டலத்தையே கொண்டுவந்து காட்டுங்கள், யாரும் திட்டப் போவதில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஏ.என்.ஏ. ஆகியவை சில வார மருந்தில் மறைவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் உடம்பு முழுக்க வலி. மனசுதான் காரணம் என்கிறார்கள். அப்படியா?

அப்படிச் சொல்லி அனுப்புவது பொறுப்பற்ற செயல். தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்து, மூட்டுகளில் வீக்கம் இல்லை என்று கையால் உறுதி செய்த பிறகு, தூக்கம் புத்துணர்ச்சி தராமை, களைப்பு, மறதி, மூன்று மாதங்களுக்கு மேல் பரவலான வலி ஆகியவை இருந்தால் அது ஃபைப்ரோமயால்ஜியா. வலியை உணரும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்ட நிலை அது, வலி உண்மையானது. லூபஸும் முடக்குவாதமும் உள்ளவர்களுக்கும் இது கூடவே வரலாம் என்பதால், வலி கூடியதெல்லாம் நோய் கூடியது என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது.

ஒரு டாக்டர் லூபஸ் என்கிறார், இன்னொருவர் கலப்பு இணைப்புத் திசு நோய் என்கிறார், மூன்றாமவர் இன்னும் வகை தெரியவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

மூவரும் சரியாக இருக்கலாம். இந்த நோய்களுக்கிடையே சுவர் இல்லை. லூபஸ், ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சி ஆகியவற்றின் குறிகள் கலந்து, ரேனோவும் வீங்கிய விரல்களும், யு1 ஆர்.என்.பி. எதிர்ப்பொருளும் உள்ளவர்களை 1972இல் ஷார்ப்பும் உடனிருந்தவர்களும் தனி நோயாகப் பிரித்தார்கள். அது தனி நோய்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மூன்றாமவர் சொன்னது, குறிகள் சில உள்ளன, எந்த அளவுகோலும் நிறைவேறவில்லை என்பதே. அத்தகையோரில் பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். சிலருக்குக் காலப்போக்கில் ஒரு தெளிவான நோய் உருவெடுக்கும்.

பெயரைவிட, இன்று எந்த உறுப்புப் பாதிக்கப்பட்டுள்ளது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. சிறுநீரில் புரதம் இருந்தால் மூன்று பெயர்களில் எதுவாக இருந்தாலும் சிறுநீரகத்தைக் கவனித்தாக வேண்டும்.

ஏ.என்.ஏ. குறைந்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கலாமா?

பணம் வீண். நோய் அடங்கினாலும் ஏ.என்.ஏ. அப்படியே இருக்கலாம்; அதன் ஏற்ற இறக்கத்துக்கும் நோயின் வேகத்துக்கும் தொடர்பில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., பி27 ஆகியவற்றையும் நோய் உறுதியான பின் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. பி27 மரபணு என்பதால் வாழ்நாளில் மாறவே மாறாது. லூபஸில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவை டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, இரத்த அணுக்கள், கிரியாட்டினின், சிறுநீர் ஆகியவை. முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும், மருந்துக்காக ஈரல் நொதிகளும்.

நோயை உறுதி செய்வதற்காகவே கட்டாயமாக மறுபடி எடுக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மூன்று முறை கரு கலைந்தவர்களுக்கும் இளவயதில் காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் பார்க்கும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் ஒரு தொற்றுக்குப் பிறகுகூடத் தற்காலிகமாகப் பாசிட்டிவாகலாம் என்பதால், குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பாசிட்டிவ் என்று வந்தால்தான் அது கணக்கில் சேரும்.